மின்னஞ்சலுக்குப் பூட்டு! கொடுத்தவர் பட்ட பாடு

மூன்று ஆண்டு விசாரணை! குற்றம் என்ன தெரியுமா?

1993-ம் ஆண்டு, பிப்ரவரி மாதம்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பவுல்டர் என்று ஓர் ஊர். மலை அடிவாரத்தில் உள்ள அமைதியான ஊர். அங்கே வசித்த ஒரு கம்ப்யூட்டர் நிபுணரைத் தேடி, சுங்க இலாகா அதிகாரிகள் இருவர் வந்தார்கள்.

அவர் பெயர் பில் ஜிம்மர்மேன். வயது 39. மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ளவர். வீட்டுக் கடனை மாதத் தவணையில் கட்டிக் கொண்டு இருந்தவர்.

"ஆயுதத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினாரா?" என்பதுதான் விசாரணை!

துப்பாக்கியா? இல்லை. வெடிகுண்டா? அதுவும் இல்லை.

அவர் செய்தது ஒரு பூட்டு. அதுவும் இரும்புப் பூட்டு அல்ல. மின்னஞ்சல் கடிதத்துக்குப் போடும் பூட்டு!

கடிதத்துக்குப் போடும் பூட்டு எப்படி ஆயுதம் ஆயிற்று? ஜிம்மர்மேன் சிறைக்குப் போனாரா? அந்தப் பூட்டினால் நமக்கு என்ன பயன்? இதோ, அந்தக் கதை.

தபால் கார்டா? கவரா?

தபால் கார்டில் எழுதியதை யாரும் படிக்கலாம். தபால்காரர் படிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் படிக்கலாம். "நலம், நலமறிய அவா" என்று எழுதினால் பரவாயில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கும் விஷயத்தையோ, கடன் விஷயத்தையோ யாராவது கார்டில் எழுதுவார்களா? எழுத மாட்டார்கள். கவரில் வைத்து ஒட்டித்தான் அனுப்புவார்கள்.

மின்னஞ்சல் எந்த வகை?

"ரகசிய எண் போட்டுத்தானே உள்ளே போகிறோம். ஆகவே அது கவர்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மின்னஞ்சல், தபால் கார்டு வகையைச் சேர்ந்தது!

சென்னையில் இருக்கும் தகப்பனார், துபாயில் இருக்கும் மகனுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார். அது நேராக மகன் கைக்குப் போவது இல்லை. முதலில் தகப்பனாரின் மின்னஞ்சல் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போகும். பிறகு மகனின் மின்னஞ்சல் நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கே காத்துக் கிடக்கும். மகன் திறந்து பார்ப்பான். பார்த்த பிறகும் அங்கேயே கிடக்கும்.

இன்று பெரிய நிறுவனங்கள், வழியில் யாரும் படிக்காதபடி பாதுகாப்புச் செய்து இருக்கின்றன. தபால் பையைக் கட்டி அரக்கு முத்திரை வைத்து ரயிலில் ஏற்றுவதைப் போன்றது அது. வழியில் பையைப் பிரிக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு தபால் ஆபீசிலும் பையைப் பிரிப்பார்கள் அல்லவா? உள்ளே கார்டு கார்டாகத்தானே இருக்கும்!

கூகுள் நிறுவனம், விளம்பரம் காட்டுவதற்காகக் கடிதங்களைத் தன் கம்ப்யூட்டர்களைக் கொண்டு படித்து வந்தது. அதை நிறுத்தப் போவதாக 2017-ல் அறிவித்தது. நிறுத்தும் வரையில் படிக்க முடிந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

கம்ப்யூட்டரில் இருந்து கம்ப்யூட்டருக்கு முதன் முதலாக மின்னஞ்சல் அனுப்பியவர் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கர். ஆண்டு 1971. அன்று அந்த வசதி சில நூறு விஞ்ஞானிகளின் கையில்தான் இருந்தது. எல்லோரும் ஒருவருக்கு ஒருவர் தெரிந்தவர்கள். பூட்டைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த ஏற்பாட்டின் மேல்தான் இன்று உலகமே கடிதம் எழுதுகிறது!

ஆயிரம் ஆண்டுச் சிக்கல்

கடிதத்தை ரகசியமாக எழுதும் முறை பழைய காலத்திலேயே உண்டு. ராஜாக்கள் ஒற்றர்களிடம் அப்படித்தான் ஓலை கொடுத்து அனுப்பினார்கள். எழுத்தை மாற்றி எழுதுவார்கள். எப்படி மாற்றியது என்ற விவரம் தெரிந்தவர்தான் படிக்க முடியும். அந்த விவரம்தான் "சாவி".

இதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு.

பூட்டுகிறவரிடமும் திறக்கிறவரிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும். அடுத்த ஊரில் இருப்பவருக்கு அந்தச் சாவியை எப்படி அனுப்புவது? கடிதத்தோடு சேர்த்து அனுப்பினால், திருடன் இரண்டையும் எடுத்துக் கொள்வான். நம்பிக்கையான ஆளிடம் கொடுத்து அனுப்ப வேண்டும். ராணுவத்துக்கு அது முடியும். வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு முடியும். சாதாரணக் குடும்பத்துக்கு முடியுமா?

முடியாது. ஆகவே ரகசியக் கடிதம் என்பது அரசாங்கங்களின் சொத்தாகவே இருந்து வந்தது.

இரண்டு சாவி!

1976-ம் ஆண்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக் கழகத்தில் இருந்த விட்பீல்டு டிபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரம் ஆண்டுச் சிக்கலுக்கு அதில் விடை இருந்தது.

"ஒரு சாவி எதற்கு? இரண்டு வைத்துக் கொள்ளுங்கள். ஒன்று பூட்ட, மற்றொன்று திறக்க!" இதுதான் அவர்கள் சொன்னதன் சாரம்.

சிலவகைப் பூட்டுகளை நீங்கள் பார்த்து இருப்பீர்கள். பூட்டுவதற்குச் சாவி வேண்டாம். அழுத்தினால் "டக்" என்று பூட்டிக் கொள்ளும். திறக்கத்தான் சாவி வேண்டும்.

துபாயில் உள்ள மகன், அப்படிப்பட்ட பூட்டு ஒன்றைத் திறந்தபடியே அப்பாவுக்கு அனுப்புகிறான். சாவி மகனிடமே இருக்கிறது. அப்பா, கடிதத்தைப் பெட்டியில் வைக்கிறார். பூட்டை அழுத்திப் பூட்டி அனுப்பி விடுகிறார். பூட்டிய பிறகு அப்பாவாலேயே திறக்க முடியாது! மகன்தான் திறக்க முடியும்.

பூட்டு வழியில் திருடன் கையில் கிடைத்தால்? பாதகம் இல்லை. அது திறந்த பூட்டு. அதை வைத்துக் கொண்டு யாருடைய பெட்டியையும் திறக்க முடியாது. மகன் விரும்பினால் ஆயிரம் பூட்டுகளை ஊர் முழுவதும் கொடுக்கலாம். சாவி மட்டும் அவனை விட்டு நகராது.

சாவியை அனுப்ப வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது!

பெருக்கல் கணக்கில் ஒரு மாயம்

அப்படிப்பட்ட பூட்டைக் கம்ப்யூட்டரில் செய்வது எப்படி? 1977-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் அதைச் செய்து காட்டினார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து அதற்கு "ஆர்.எஸ்.ஏ." என்று பெயர்.

அதன் அடிப்படை, பள்ளிக்கூடத்துப் பெருக்கல் கணக்குதான்.

53-ஐ 61-ஆல் பெருக்கச் சொன்னால், ஒரு நிமிடத்தில் 3,233 என்று சொல்லி விடலாம். "எந்த இரண்டு எண்களைப் பெருக்கினால் 3,233 வரும்?" என்று கேட்டால்? ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டும். பெருக்குவது சுலபம். பிரிப்பது கடினம். எண் பெரிதாகப் பெரிதாகக் கஷ்டம் மலை போல வளரும்.

மூவரும் 129 இலக்கம் உள்ள ஓர் எண்ணைக் கொடுத்தார்கள். "இதைப் பிரித்து, இதைக் கொண்டு பூட்டிய ரகசிய வாசகத்தைக் கண்டுபிடிப்பவருக்கு 100 டாலர் பரிசு" என்று ஒரு பத்திரிகை மூலம் உலகத்துக்கே சவால் விட்டார்கள். கோடானு கோடி ஆண்டு ஆகும் என்று அன்று கணக்குச் சொல்லப்பட்டது.

17 ஆண்டுகளில் பூட்டு திறந்தது! 1994-ல் சுமார் 600 தொண்டர்கள், 1,600 கம்ப்யூட்டர்களை எட்டு மாதம் ஓட்டி அந்த எண்ணைப் பிரித்து விட்டார்கள். உள்ளே இருந்த வாசகம் என்ன? எலும்பு தின்னும் ஒரு வகைக் கழகுக்குக் குமட்டல் வருவதாக ஒரு வேடிக்கைச் சொல்!

அப்படியானால் பூட்டு வீணா? இல்லை. பூட்டைப் பெரிதாக்கிக் கொண்டார்கள். இன்று சாதாரணமாக வழங்கும் ஆர்.எஸ்.ஏ. பூட்டில் 617 இலக்கம் உள்ள எண் இருக்கிறது!

வெளியே சொல்ல முடியாத வெற்றி

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. இதே வழியை இங்கிலாந்தில் மூன்று பேர் முன்கூட்டியே கண்டுபிடித்து இருந்தார்கள்!

ஜேம்ஸ் எல்லிஸ், கிளிபோர்டு காக்ஸ், மால்கம் வில்லியம்சன் என்பவர்கள் அவர்கள். 1970 முதல் 1974-க்குள் அவர்கள் அதைக் கண்டுபிடித்து விட்டார்கள். ஆனால் மூவரும் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ரகசியச் செய்தி இலாகாவில் வேலை பார்த்தவர்கள். வாயைத் திறக்கக் கூடாது! அமெரிக்கர்கள் புகழ் பெற்றதைப் பார்த்துக் கொண்டு மௌனமாக இருந்தார்கள்.

1997 டிசம்பரில்தான் அரசாங்கம் உண்மையை வெளியிட்டது. எல்லிஸ் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பு இறந்து போய் இருந்தார். பாராட்டைக் கேட்க அவர் இல்லை.

ஆக, பூட்டு கண்டுபிடித்தாகி விட்டது. ஆனாலும் அது விஞ்ஞானிகளிடமும், பெரிய நிறுவனங்களிடமும், அரசாங்கத்திடமும்தான் இருந்தது. அதைச் சாதாரண மக்களின் கையில் கொண்டு வந்து கொடுத்தவர்தான் ஜிம்மர்மேன்.

ஐந்து மாதத் தவணை பாக்கி

ஜிம்மர்மேன் பணக்காரர் அல்ல. அணுகுண்டை எதிர்த்துப் பிரசாரம் செய்தவர். 1980-களின் தொடக்கத்தில் அணு ஆயுதப் போர் வந்துவிடுமோ என்று அஞ்சி, மனைவியோடு நியூசிலாந்துக்குக் குடிபோகவும் ஏற்பாடு செய்தார். பிறகு மனத்தை மாற்றிக் கொண்டார். "ஓடிப்போவதை விட இங்கேயே இருந்து போராடுவோம்" என்று தங்கிவிட்டார்.

1991-ம் ஆண்டு அமெரிக்க செனட் சபையில் ஒரு மசோதா வந்தது. தகவல் தொடர்புக் கம்பெனிகள், அரசாங்கம் கேட்கும்போது மக்களின் பேச்சையும் கடிதத்தையும் பிரித்துக் கொடுக்கும்படி இருக்க வேண்டும் என்ற கருத்து அதில் இருந்தது.

"பூட்டுக்குத் தடை வருவதற்கு முன்பே பூட்டை எல்லோருக்கும் கொடுத்துவிட வேண்டும்!"

ஜிம்மர்மேன் இந்த முடிவுக்கு வந்தார். வருமானம் தரும் வேலையை ஒதுக்கி வைத்தார். இரவு பகலாக உட்கார்ந்து எழுதினார். ஐந்து மாதம் வீட்டுக் கடன் தவணை கட்ட முடியவில்லை. வீடே கையை விட்டுப் போகும் நிலை!

1991 ஜூன் மாதம் பூட்டு தயார் ஆயிற்று. அதற்கு "பி.ஜி.பி." என்று பெயர் வைத்தார். "சுமாரான நல்ல அந்தரங்கம்" என்பது அதன் பொருள். ரேடியோ நிகழ்ச்சி ஒன்றில் வந்த கற்பனை மளிகைக் கடையின் பெயரைப் பார்த்து வைத்த வேடிக்கைப் பெயர் அது.

அதை அவர் விற்கவில்லை. இலவசமாகவே கொடுத்தார். நண்பர்கள் அதைக் கம்ப்யூட்டர் வலையில் ஏற்றினார்கள். கொஞ்ச நாளில் அது கடல் கடந்து பல நாடுகளுக்குப் போய்விட்டது.

சாப்பாட்டு மேஜையில் உடைந்த பூட்டு

முதல் பூட்டில் ஒரு குறை இருந்தது. கடிதத்தைக் கலைத்து எழுதும் பகுதியை ஜிம்மர்மேன் தாமே யோசித்துச் செய்து இருந்தார். அது மிக வலுவானது என்று நம்பினார். அதே ஆண்டு ஒரு மாநாட்டில், அதை எலி பிகாம் என்ற இஸ்ரேல் நாட்டு நிபுணரிடம் காட்டினார். பிகாம், மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே அதில் உள்ள ஓட்டைகளை எடுத்துச் சொல்லி விட்டார்!

ஜிம்மர்மேன் வீம்பு பிடிக்கவில்லை. தம் பூட்டைத் தூக்கி எறிந்தார். நிபுணர்கள் சோதித்துப் பார்த்த வேறு பூட்டை வைத்து, 1992 செப்டம்பரில் புதிய பி.ஜி.பி.யை வெளியிட்டார்.

சொந்தமாகப் பூட்டுச் செய்யாதே. பலரும் உடைக்கப் பார்த்து உடையாத பூட்டையே வாங்கு. இந்தத் துறையில் இன்றும் முதல் பாடம் இதுதான்.

புத்தகம் ஆயுதம் ஆகுமா?

அதன் பிறகுதான் சுங்க அதிகாரிகள் வந்தார்கள்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, வலுவான ரகசியப் பூட்டு ஒரு போர்த் தளவாடம். பீரங்கி, ஏவுகணைகளோடு அதே பட்டியலில் அதுவும் இருந்தது! லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆண்டுக் கணக்கில் சிறை.

"வலையில் போட்டால் உலகம் முழுவதும் போகும். ஆகவே இது ஏற்றுமதி" என்பது அரசாங்கத்தின் எண்ணம். வழக்கு இன்று வருமோ, நாளை வருமோ என்று ஜிம்மர்மேன் குடும்பம் மூன்று ஆண்டு தவித்தது. வக்கீல்கள் அவருக்காக முன்வந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் பல நாடுகளில் இருந்து வழக்கு நிதிக்குப் பணம் அனுப்பினார்கள்.

அப்போது ஒரு யோசனை தோன்றியது.

பூட்டின் கணக்கு முழுவதையும் புத்தகமாக அச்சிட்டால் என்ன? புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்ப யார் தடை போட முடியும்? அமெரிக்க அரசியல் சட்டம் எழுத்துரிமை கொடுத்து இருக்கிறதே!

1995-ல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் அச்சகமே அதைப் புத்தகமாக வெளியிட்டது. கம்ப்யூட்டரில் இருந்தால் ஆயுதம். காகிதத்தில் இருந்தால் புத்தகம்! எல்லோரும் சிரித்தார்கள்.

1996 ஜனவரியில், வழக்குப் போடாமலே அரசாங்கம் விசாரணையைக் கைவிட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஜிம்மர்மேன் சிறைக்குப் போகவில்லை.

அடுத்த ஆண்டில் பி.ஜி.பி.யின் புதிய பதிப்பு, ஆயிரக்கணக்கான பக்கங்கள் கொண்ட புத்தகங்களாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. நார்வே நாட்டைச் சேர்ந்த ஒருவரின் தலைமையில் தொண்டர்கள், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பிழை திருத்தி, மறுபடியும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஏற்றுமதித் தடை பெரும் அளவு தளர்த்தப்பட்டது.

உயிரைக் காக்கும் கவர்

"ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லாதவனுக்குப் பூட்டு எதற்கு?" என்று சிலர் கேட்பது உண்டு.

1993 அக்டோபரில் ரஷ்யாவில் பாராளுமன்றக் கட்டடத்தின் மேல் பீரங்கிக் குண்டுகள் விழுந்த சமயம். பக்கத்து லாட்வியா நாட்டில் இருந்து ஜிம்மர்மேனுக்கு ஒரு கடிதம் வந்தது. "ரஷ்யாவில் சர்வாதிகாரம் வந்தாலும், பி.ஜி.பி. இங்கே எங்கும் பரவி இருக்கிறது, ஜனநாயகத்தை விரும்புகிறவர்களுக்கு அது உதவும்" என்ற கருத்தில் அதை எழுதி இருந்தார்கள். மனித உரிமைக்குப் பாடுபட்டவர்கள் பல நாடுகளில் அதை உபயோகித்தார்கள். சாட்சி சொன்னவர்களின் பெயர்ப் பட்டியல் வெளியே போனால், அவர்களின் உயிருக்கே ஆபத்து அல்லவா?

பூட்டத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு.

2012 டிசம்பர் 1-ந் தேதி, கிளென் கிரீன்வால்டு என்ற பத்திரிகையாளருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் தம் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. "பி.ஜி.பி. போட்டுக் கொள்ளுங்கள். முக்கியமான விஷயம் சொல்ல வேண்டும்" என்று எழுதி இருந்தார். எப்படிப் போடுவது என்று படிப்படியாக விளக்கமும் அனுப்பினார். கிரீன்வால்டுக்கு அது சிரமமாகப் பட்டது. "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டு விட்டார்.

எழுதியவர் யார்? எட்வர்டு ஸ்னோடன்! அமெரிக்க உளவு இலாகா உலகத்தின் கடிதங்களையும் டெலிபோன் விவரங்களையும் திரட்டுவதை 2013 ஜூனில் அம்பலப்படுத்தியவர். கிரீன்வால்டு வழிக்கு வராததால், பூட்டத் தெரிந்த லாரா பாய்ட்ரஸ் என்ற பெண்மணிக்கு அவர் எழுதினார். அந்தப் பெண்மணி மூலம்தான் விஷயம் நகர்ந்தது. பெரிய செய்தி ஒன்று தம் கையை விட்டுப் போக இருந்த கதையைக் கிரீன்வால்டே பிறகு எழுதினார்.

பூட்டால் ஆகாதது

பூட்டு எல்லாவற்றையும் காக்கும் என்று நினைக்கக் கூடாது.

கவரை ஒட்டினாலும் மேலே விலாசம் தெரியும் அல்லவா? பி.ஜி.பி. போட்டாலும் யார், யாருக்கு, எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியும். கடிதத்தின் தலைப்பு வரியும் சாதாரணமாகத் தெரியும். ஆகவே ரகசியத்தைத் தலைப்பு வரியில் எழுதக் கூடாது.

2013 ஆகஸ்டில் ஜிம்மர்மேனின் நிறுவனமே, தான் நடத்திய மின்னஞ்சல் சேவையை மூடிவிட்டது. மின்னஞ்சலின் அமைப்பிலேயே சில விவரங்கள் கசியத்தான் செய்யும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

2018-ல் ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். பூட்டு உடையவில்லை. ஆனால் பூட்டைத் திறந்து கடிதத்தைக் காட்டும் சில மின்னஞ்சல் மென்பொருள்கள், திறந்த கடிதத்தை வெளியே கசிய விடும்படி ஏமாற்ற முடிந்தது! பிறகு அவற்றைச் சரி செய்தார்கள். மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்துக் கொள்ள வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மற்றொன்று: சாவி தொலைந்தால் தொலைந்ததுதான். மாற்றுச் சாவி செய்து கொடுக்க ஆள் கிடையாது.

இன்று சாவி எங்கே?

ஜிம்மர்மேன் காலத்தில் பூட்டுப் போடுவது கடினமான வேலை. இன்று அது சுலபம். வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் செய்திகள் தாமாகவே பூட்டிக் கொள்கின்றன. திறக்கும் சாவி இருவர் கையில் உள்ள போனில்தான் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் இந்த ஏற்பாடு 2016 ஏப்ரலில் முழுமை அடைந்தது.

மின்னஞ்சலிலும் வழி உண்டு. ஸ்விட்சர்லாந்து நாட்டின் புரோட்டான் மெயிலில் இருவரும் கணக்கு வைத்து இருந்தால், கடிதம் தானாகவே பூட்டிக் கொள்ளும். உள்ளே இருப்பது ஜிம்மர்மேன் தொடங்கி வைத்த அதே முறைதான். தண்டர்பேர்டு என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளிலும் 2020 முதல் அந்தப் பூட்டு சேர்ந்தே வருகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

குடும்பங்களில் இன்று மின்னஞ்சலில் எதை எல்லாம் அனுப்புகிறோம்? ஆதார் நகல், பேங்க் பாஸ்புக் பக்கம், பத்திரத்தின் நகல், டாக்டர் கொடுத்த ரிப்போர்ட், மகளின் சர்டிபிகேட். இவை கார்டில் எழுதும் விஷயங்களா?

எல்லோரும் பி.ஜி.பி. கற்றுக் கொள்ள வேண்டும் என்பது இல்லை. கீழ்க்கண்டவற்றைச் செய்தாலே போதும்.

ஒன்று: பைலைப் பூட்டி அனுப்புங்கள். பி.டி.எஃப். பைலுக்கு ரகசியச் சொல் வைக்கலாம். பல பைல்களைச் சேர்த்துப் பூட்ட 7-ஸிப் போன்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

இரண்டு: சாவியைக் கடிதத்தோடு அனுப்பாதீர்கள்! "பைல் இணைத்துள்ளேன், ரகசியச் சொல் இது" என்று ஒரே கடிதத்தில் எழுதுகிறவர்கள் பலர். பூட்டிய பெட்டியின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்க விடுவதும் அதுவும் ஒன்றுதான். ரகசியச் சொல்லை டெலிபோனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

மூன்று: ரகசியச் சொல் நீளமாக இருக்கட்டும். பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். கம்ப்யூட்டரில் எடுக்கும் ஆதார் பைலுக்கு, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் ரகசியச் சொல் என்பது ஊருக்கே தெரியும். அந்தப் பைலை அப்படியே அனுப்பினால் பூட்டியதாக ஆகாது. ஒன்றுக்கு ஒன்று தொடர்பு இல்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து வையுங்கள். உங்களுக்கு நினைவு இருக்கும், திருடனுக்குத் தோன்றாது.

நான்கு: ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகல் போதுமா என்று கேளுங்கள். அதை ஆதார் ஆணையமே கொடுக்கிறது.

ஐந்து: விலாசத்தை இரண்டு முறை பாருங்கள். ஓர் எழுத்துப் பிசகினால் கடிதம் வேறு ஒருவர் கைக்குப் போகும். போனதைத் திரும்பப் பெறுவது அரிது.

ஆறு: மின்னஞ்சல் கணக்குக்கு இரண்டு கட்டப் பாதுகாப்பைப் போடுங்கள். வேலை முடிந்த பழைய நகல்களை அழித்து விடுங்கள். கணக்கே களவு போனால், பத்து ஆண்டாக அனுப்பிய எல்லாம் ஒரே நாளில் களவு போகும்.

சாவி உங்கள் கையில்

ஜிம்மர்மேன் சொன்ன வாதம் எளிமையானது. எல்லோரும் கார்டிலேயே எழுதும் ஊரில், ஒருவர் மட்டும் கவரில் எழுதினால் அவர் மேல் சந்தேகம் வரும். எல்லோரும் கவரில் எழுதினால் யார் மேலும் சந்தேகம் வராது. ஆகவே ரகசியம் இல்லாதவர்களும் கவரில் எழுத வேண்டும். அப்போதுதான் உண்மையிலேயே ஆபத்தில் இருப்பவர் நம் கூட்டத்தில் மறைந்து பிழைப்பார்.

இந்தப் பூட்டைப் பொதுமக்களுக்குக் கொடுப்பதற்காக ஒருவர் மூன்று ஆண்டு சிறை வாசலில் நின்றார். இன்று அது நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் போனிலும் இலவசமாகக் கிடக்கிறது.

அடுத்த முறை பத்திர நகலை அனுப்பும்போது, பூட்டி அனுப்புங்கள். சாவியை மட்டும் டெலிபோனில் சொல்லுங்கள்!